கொள்ளைநோய் வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாவுக்குப் பிறகு கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுத வரும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அவர்களுடைய கட்டுரைகளையும் கண்காட்சிப் பலகைகளையும் அச்சுக்குப் போகுமுன் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எழுத ஆரம்பித்த காலத்தில் நாங்கள் எல்லாரும் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுகிறார்கள். ஆண்டு மாறுவது, ஊர்ப்பெயர் பிழையாவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். மேலோட்டமாகப் படித்தால் சரியாகவே தோன்றி, அடிப்படையே ஆட்டம் காணும் தவறுகள்தான் ஆபத்தானவை.

எண்ணாமல் வந்த எண்ணிக்கை

1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் எத்தனை பேர் இறந்தார்கள்? தேடினால் 60 லட்சம் என்றும் வரும், 1.25 கோடி, 1.4 கோடி, 1.8 கோடி, 2 கோடி என்றும் வரும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் முதலில் பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் இருப்பதிலேயே பெரியதை. யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கேட்பதே இல்லை.

ஒரு கல்லூரிக் கண்காட்சியில் நடந்தது இது. நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஆளுயரப் பலகை. 'உலகெங்கும் இறந்தவர்கள் 2 கோடியே 15 லட்சம். அதில் இந்தியர்கள் 1 கோடியே 80 லட்சம். இறந்த ஆறு பேரில் ஐந்து பேர் இந்தியர்!' பக்கத்தில் ஒரு வட்ட விளக்கப்படம், கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பாக. இரண்டு எண்களுமே ஆதாரம் உள்ளவைதான். ஆனால் உலகக் கணக்கு, எட்வின் ஜோர்டன் என்ற அமெரிக்க பாக்டீரியா அறிஞர் 1927-இல் சொன்னது. இந்தியக் கணக்கு, ஐ. டி. மில்ஸ் என்ற ஆய்வாளர் 1986-இல் வெளியிட்டது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அறுபது வருடம். பிறகு உலகக் கணக்கும் ஏறிக்கொண்டே போனது: 1991-இல் வந்த ஓர் ஆய்வு 2.5 முதல் 3.9 கோடி வரை என்றது, 2002-இல் வந்த ஆய்வு சுமார் 5 கோடி என்றது. அந்த 2002 ஆய்வு இந்தியாவுக்குக் கொடுக்கும் எண் 1.85 கோடி. அப்படிப் பார்த்தால் இந்தியாவின் பங்கு ஐந்தில் இரண்டுக்கும் சற்றுக் குறைவு. அதுவே நெஞ்சை உலுக்கும் அளவுதான். அதைப் பெருக்கிக் காட்ட எந்த அவசியமும் இல்லை.

நான் பார்த்தபோது ஃபிளெக்ஸ் அச்சாகித் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் திறப்பு விழா. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி அடித்தார்கள். காசும் போனது, மாணவர்களின் உற்சாகமும் போனது. அதற்குள் யாரோ படம் எடுத்துப் பகிர்ந்துவிட்டார்கள். அந்த 'ஆறில் ஐந்து' இன்றும் எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான்.

இந்த எண்கள் எங்கிருந்து பிறந்தன என்று தெரிந்தால் இந்தத் தவறு வராது. சென்னை மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. ஆனால் கிராமத்தில் சாவைப் பதிந்தது டாக்டர் இல்லை, கிராம அதிகாரி. எதனால் இறந்தார் என்று சொல்ல மருத்துவச் சான்று கிடையாது. மலேரியாவோ டைஃபாய்டோ இன்ஃபுளுயன்சாவோ, எல்லாம் 'காய்ச்சல்' என்ற ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்தன. 1918 இலையுதிர் மாதங்களில் பதிவு செய்ய வேண்டியவர்களே படுக்கையில் கிடந்தார்கள்.

ஆகவே இன்ஃபுளுயன்சாவால் இறந்தவர்களை யாரும் ஒவ்வொருவராக எண்ணவில்லை. வழக்கமான வருடங்களில் எத்தனை சாவு, அந்த வருடம் எத்தனை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, விட்டுப்போன பதிவுகளுக்கு ஈடுகட்டிக் கணித்தார்கள். சுகாதார ஆணையர் முதலில் 60 லட்சம் என்றார். 1921 மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது கணக்கெடுப்பு அதிகாரிகள் 1.2 முதல் 1.3 கோடி இருக்கும் என்றார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் கிங்ஸ்லி டேவிஸ் 1951-இல், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே விழுந்த பள்ளத்தை வைத்து 2 கோடி வரை போனார். 2012-இல் சந்திரா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் நிர்வாகப் பகுதிகளுக்கு சுமார் 1.39 கோடி என்று கணித்தார்கள். சமஸ்தானங்கள் சேர்ந்ததா, சேராததா என்பதைப் பொறுத்தே லட்சக்கணக்கில் மாறும். 1918-இல் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, பட்டினியும் சேர்ந்துகொண்டது. அதனால் இறந்தவர்களும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொன்னார்கள். அதனால் எழுதும்போது எண்ணுடன் ஆளையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: 'மில்ஸின் 1986 மதிப்பீட்டின்படி 1.7 முதல் 1.8 கோடி'. இடம் போதாதா? 'ஒரு கோடிக்கும் மேல்' என்று எழுதுங்கள், அது நிற்கும். உலகத்தையும் இந்தியாவையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டு எண்களையும் ஒரே ஆய்விலிருந்து எடுங்கள். மதிப்பீடே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இன்றைய இந்திய நிலப்பரப்பில் 1911-இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-இல் 25.1 கோடியாகக் குறைந்தது. அதற்குப் பின் எந்தக் கணக்கெடுப்பிலும் அது குறையவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பம்பாயும் மத்திய மாகாணங்களும் கடுமையாக அடிவாங்கின. சென்னையும் வங்காளமும் ஒப்பீட்டளவில் தப்பின. இதற்குக் காரணம் நம் ரசமும் மிளகும் என்று ஒரு தம்பி எழுதிக் கொண்டுவந்தார். பம்பாயில் செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலை, கிழக்கே போகப் போக வேகம் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதை எழுதினால் போதும். ரசத்தைச் சேர்த்தால் அந்தப் பத்தி முழுவதுமே நம்பிக்கை இழக்கிறது.

ஸ்பெயினில் தோன்றியது

இல்லை. 1918 இன்ஃபுளுயன்சாவை 'ஸ்பானிஷ் ஃபுளூ' என்று அழைப்பதால் வந்த குழப்பம் இது. ஸ்பெயின் முதல் உலகப் போரில் சேராத நாடு. அங்கே போர்க்காலத் தணிக்கை இல்லாததால் பத்திரிகைகள் உள்ளதை எழுதின, அவ்வளவுதான்.

காந்திக்கும் இன்ஃபுளுயன்சா வந்தது

1918-இல் அவர் சாகக் கிடந்தது உண்மை. ஆனால் அது சீதபேதி. கேடாவில் இருந்தபோது எப்படி வந்தது, என்ன சாப்பிட்டதால் வந்தது என்று தன் வரலாற்றிலேயே விரிவாகச் சொல்லியிருக்கிறார். நூலைத் திறந்து பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து எழுதுவதால் இது தொடர்கிறது.

பறவை அலகு முகமூடி

14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கருஞ்சாவு (Black Death) பற்றிய கட்டுரைக்கு, மருத்துவர் இந்த முகமூடி போட்டிருக்கும் படத்தைப் போடாதீர்கள். அது 17-ஆம் நூற்றாண்டு உடை.

பம்பின் கைப்பிடி

1854, லண்டன் சோஹோ பகுதியில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருத் தண்ணீர் பம்பைச் சந்தேகித்தார், செப்டம்பர் 8-இல் அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது. இப்படித்தான் எல்லாரும் முடிக்கிறார்கள். ஆனால் மக்கள் அதற்கு முன்பே வீட்டைக் காலிசெய்து ஓடியிருந்தார்கள், நோயும் தணிந்துகொண்டிருந்தது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். இத்தனை நேர்மையான மனிதரைப் பற்றி எழுதும்போது நாம் மிகைப்படுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதற்கு அவருடைய வலுவான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. தெற்கு லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீர் எடுக்கும் இடத்தை தேம்ஸ் ஆற்றில் லண்டன் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் மாற்றவில்லை. 10,000 வீடுகளுக்கு முதலாவதில் 37 சாவு, இரண்டாவதில் 315. ஸ்னோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பழைய நோய்க்கு உறுதியாகப் பெயர் சூட்டுவது

கருஞ்சாவுக்குக் காரணம் பிளேக் கிருமி என்று தாராளமாக எழுதலாம்; லண்டன் இடுகாட்டு எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து அதன் மரபணு கிடைத்து, 2011-இல் வெளியானது. கி.மு. 430-இல் ஏதென்ஸில் வந்தது என்ன நோய் என்பது இன்னும் தீரவில்லை. அதை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அந்த நோயில் தானே விழுந்து எழுந்தவர். அவர் சொன்ன அறிகுறிகளை அப்படியே கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

பெரியம்மையின் கடைசி

இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977, சோமாலியா, அவர் பிழைத்துக்கொண்டார். கடைசி மரணம் 1978, இங்கிலாந்தின் பர்மிங்காம்; அது ஆய்வுக்கூடக் கிருமி. ஒழிந்தது என்ற அறிவிப்பு 1980. மூன்றும் வெவ்வேறு.