சுவிசேஷப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசு தம் சீஷருக்குக் கொடுத்த கட்டளையான மத்தேயு 28:19-ஐ மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் பலர் அதன் மையத்தைக் கவனிப்பதில்லை. "புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று வாசிக்கையில் போவதே பெரிய காரியமாகத் தோன்றுகிறது. கிரேக்க மூலத்திலோ "சீஷராக்குங்கள்" என்பதே தலைமையான ஏவல் வினை. போவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், உபதேசிப்பதும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே சுவிசேஷக் கைப்பிரதிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் கட்டளை நிறைவேறிவிட்டதாக எண்ணுவது தவறு. "ஜாதிகள்" என்பது இங்கே மக்களினங்களைக் குறிக்கிறதே அன்றி சாதிப் பிரிவுகளை அல்ல என்பதையும் புதிதாகக் கேட்பவருக்கு முதலிலேயே விளக்கிவிட வேண்டும்.

கிறிஸ்துவை ஏற்பதாகக் கூட்டத்தில் உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கை எழுதுவது அடுத்த தவறு. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்துவில் ஒரு வருடம் ஆறு மாதமும், எபேசுவில் மூன்று வருடமும் தங்கிப் போதித்தார். சீஷத்துவத்துக்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

கேட்பவரை அறியாமல் பேசுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். லீஸ்திராவில் சப்பாணி ஒருவன் குணமானபோது, ஜனங்கள் தங்கள் லிக்கவோனியா மொழியில் ஆரவாரம் செய்து, பவுலோடு ஊழியம் செய்த பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் தங்கள் தெய்வங்களின் பெயரால் அழைத்தார்கள். அவர்களுக்குப் பலியிட எருதுகளும் பூமாலைகளும் வாசலுக்கு வந்த பிறகே அப்போஸ்தலர்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள். சுகமளித்த அற்புதத்தைக்கூட அந்த மக்கள் தங்கள் பழைய நம்பிக்கையின் வழியாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால் பவுல் அங்கே பேசிய விதத்தைப் பாருங்கள்: பிசீதியாவின் அந்தியோகியா ஜெப ஆலயத்தில் எகிப்திலிருந்து பெற்ற விடுதலையையும் தாவீதையும் எடுத்துக்காட்டிய அவரே, வேதாகமத்தை அறியாத லீஸ்திராவில் மழையையும், செழிப்பான காலங்களையும், உணவினால் நிறையும் இருதயத்தையும் சாட்சியாகக் காட்டினார்.

நம் வழக்கங்களைச் சுவிசேஷத்தோடு சேர்த்துச் சுமத்தவும் கூடாது. யூதச் சடங்கான விருத்தசேதனத்தைப் புறஜாதியார்மேல், அதாவது யூதரல்லாதவர்மேல், சுமத்துவதில்லை என்று எருசலேம் சபை (அப்போஸ்தலர் 15) தீர்மானித்தபின், உடையையும் இசையையும் பெயரையும் நிபந்தனையாக்க நமக்கு உரிமையில்லை. அதுபோலவே, பசித்தவனுக்குக் கொடுக்கும் உணவு அவன் ஞானஸ்நானத்துக்கு விலையாகிவிடக் கூடாது; மறுப்பவனுக்கும் அதே அளவு கிடைக்க வேண்டும்.

மிஷனரியை ஜெபித்து வழியனுப்பியதும் தன் பங்கு முடிந்ததாகச் சபை நினைப்பதும் உண்டு. உபவாசித்து, கைகளை வைத்து அனுப்பிய சீரியாவின் அந்தியோகியா சபையிடமே பவுலும் பர்னபாவும் திரும்பி வந்தார்கள். சபையைக் கூட்டி, தேவன் செய்தவற்றையெல்லாம் அறிவித்து, அங்கே சீஷரோடு நெடுநாள் தங்கினார்கள்.