மட்டை தூளாகாமல் நார் நாராக வந்தபோது

குடியாத்தம் பக்கம் எங்கள் தோப்பில் விழும் தென்னை மட்டையை டிராக்டர் பி.டி.ஓ.வில் (இன்ஜின் விசையை மெஷினுக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல்தண்டு) ஓடும் மெஷினில் தூளாக்கி, மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறோம். போன கோடையில் தூளுக்குப் பதில் நார் நாராகக் கக்கி, வாய் அடைத்துக்கொண்டது.

பி.டி.ஓ. சரியாக நிமிஷத்துக்கு 540 சுற்றில்தான் ஓடியது, பெல்ட்டும் வழுக்கவில்லை. மிச்சம் பிளேடுதான். இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் உள்ளே பிளேடு பூட்டிய கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்; சத்தம் குறைந்ததே என்று கையை விட்டால் போச்சு. முழுக்க நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து மூடியைக் கழற்றினேன்.

பிளேடு முனை மழுங்கி உருண்டிருந்தது. எதிரே அசையாமல் நிற்கும் கத்திக்கும் அதற்கும் இடைவெளி அகன்றதில், நார் அறுபடாமல் மடங்கி உள்ளே போயிருக்கிறது. பிளேடு எல்லாவற்றையும் ஒரே அளவாகச் சாணை பிடித்தோம். ஒன்றை மட்டும் தேய்த்தால் எடை மாறி மெஷின் உதறும். இடைவெளியைக் கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். உரசவில்லை. தூள் பழையபடி விழுந்தது.

ஷியர் போல்ட் அறுந்தால், "கெட்டியா ஒண்ணு போட்டுடலாம்ணா" என்பான் டிரைவர் தம்பி. அது பளு மீறினால் மெஷின் உடையாமல் தான் அறுவதற்கென்றே வைத்த போல்ட், மாற்ற விடமாட்டேன். உறை போட்டிருந்தாலும் வேட்டி, துண்டோடு சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை. கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல், அடுத்த மட்டையால் தள்ளுகிறோம்.