பழைய கோல்ஃப் கிளப் விக்கப் போறீங்களா, மொதல்ல தேய்க்காதீங்க

எஸ்டேட் சேல்லயோ (ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா விக்கிற எடம்) பரண்லயோ பழைய கோல்ஃப் கிளப், அதாவது பந்தடிக்கிற மட்டை, கையில கிடைச்சதும் நெறைய பேரு உப்புத்தாள எடுத்து பளபளன்னு தேய்ச்சிடறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. பழைய கிளப் சேகரிக்கிறவங்க காசு குடுக்கிறதே ஹெட்டுக்கு (பந்தை அடிக்கிற தலைப்பகுதி) பின்னாடி, செஞ்சவரு குத்தியிருக்கிற சின்ன முத்திரைய பாத்துதான், தேய்ச்சா அது மங்கிடும், போனது போனதுதான். காஞ்ச துணியால தூசிய தட்டினா போதும்.

அந்த முத்திரைய லென்ஸ் வச்சு பாருங்க. புகைக்கிற பைப் படம் இருந்தா செஞ்சவரு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரு டாம் ஸ்டூவர்ட், கை இருந்தா லெவன் ஊரு ஜார்ஜ் நிக்கல், நட்சத்திரம்னா பெரும்பாலும் கிங்ஹார்ன் ஊரு வில்லியம் கிப்சன், மூணு ஊருமே ஸ்காட்லாந்துல ஃபைஃப் பக்கம். என்னைக் கேட்டா பாதி வேலை இதுலயே முடிஞ்சுது.

அடுத்து ஷாஃப்ட், அதாவது கிளப்போட நீளத் தண்டு. ஸ்டீல் ஷாஃப்டுக்கு பிரிட்டன்ல கோல்ஃப் விதிகள வகுக்கிற ஆர் அண்ட் ஏ அமைப்பு அனுமதி குடுத்தது 1929லதான், அதுக்கு முன்னாடி அங்க ஹிக்கரிங்கிற மரத்துல செஞ்ச தண்டுதான் ஓடிச்சு. ஆனா 1930கள்ல ஸ்டீல் மேலயே மர கலர்ல உறை போட்டு வித்தாங்க, பாத்தா அப்படியே மரம் மாதிரி இருக்கும், அதனால ஒரு காந்தத்த ஷாஃப்ட் நடுவுல வச்சுப் பாருங்க, இழுத்துச்சுன்னா ஹிக்கரின்னு போட்டுறாதீங்க, வாங்கினவரு திருப்பி அனுப்பிடுவாரு.

வெலைக்கு ஈபே சைட்ல 'வித்துப்போனவை' ஃபில்டர் போட்டுப் பாருங்க, யாரோ கேக்குற வெலை கணக்கே இல்ல. 1920கள்ல ஃபேக்டரில மலை மாதிரி செஞ்சு தள்ளின சாதா ஹிக்கரி அயர்னுக்கு (இரும்புத் தலை வச்ச கிளப்) பெருசா எதிர்பார்க்காதீங்க, ஹெட்டுல பந்து படற முகத்துல கோடே இல்லாம வழவழன்னு இருக்கிறது பொதுவா அதைவிடப் பழசு, அத அவசரப்பட்டு குடுத்துடாதீங்க.

தலைப்புல 'ரொம்ப அபூர்வம்'னு எழுதறதுக்கு பதிலா செஞ்சவரு பேரும் மாஷி, நிப்லிக், பிராஸின்னு அந்தக் கிளப் வகையோட பழைய பேரும் போடுங்க, வாங்கறவங்க தேடறது அதைத்தான். முத்திரைய போட்டோ எடுக்கறப்ப டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, மங்கின எழுத்துகூட எழும்பி நிக்கும். கழுத்துல (ஹெட்டும் ஷாஃப்டும் சேர்ற எடம்) விரிசல், பிஞ்ச லெதர் கிரிப் (கைப்பிடி), எல்லாத்தையும் கிட்ட வச்சு காட்டிடுங்க, அது அவங்களுக்கு நீங்க குடுக்கிற மரியாதை.

அனுப்பறப்ப ஹெட்ட தனியா பபிள் ராப்ல சுத்துங்க, பெட்டிக்குள்ள காலி இடமே இல்லாம அடைங்க, ஹெட் ஆடினா மரம் கழுத்துகிட்டதான் முறியும். வெலை கூடினதுன்னா இன்சூரன்ஸும் போட்டுடுங்க.