கைக்குழந்தைக்குச் சளி: சத்தத்தைக் கேட்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள்

மூக்கொழுகலில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் இருமலும் இளைப்புமாக மாறுகிறதா? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ் நுரையீரலின் நுண்குழல்களை வீங்கவைத்திருக்கும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் நோய் மிகக் கடுமையாக இருக்கும். இருமல் அடங்க மூன்று வாரம்கூட ஆகலாம்.

நெஞ்சில் 'கர்கர்' சத்தம் கேட்பதை வைத்துக் கடுமையை அளக்க முடியாது. சத்தமே இல்லாமல் திணறும் குழந்தையும் உண்டு. அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு சீராக இராது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். காய்ச்சலிலும் மூச்சு கூடும் என்பதால், தணிந்தபின் மறுபடி எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயதுக்குள் 40. இதைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2 மாதத்துக்குள் என்றால் உடனே.

மூக்கடைத்தால் பால் இறங்காது. பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் 0.9% சலைன் (உப்புநீர்) 2 சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து ரப்பர் பல்பால் உறிஞ்சுங்கள். பல்பை வெளியிலேயே அழுத்திக்கொண்டு பிறகு மூக்கில் வையுங்கள்; உள்ளே வைத்து அழுத்தினால் சளி பின்னால் போகும். கைக்குழந்தைக்கு ஆகாத மூக்கடைப்பு மருந்தான சைலோமெட்டாசோலின் சொட்டும் இதே மாதிரி குப்பியில்தான் வரும், லேபிளைப் படியுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். 6 கிலோ குழந்தைக்கு 90 மி.கி. ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள ட்ராப்ஸில் அது 0.9 மி.லி.; 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பில் 3.6 மி.லி. சிரப்பின் அளவில் ட்ராப்ஸைக் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். 3 மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், மருத்துவமனைதான்.

ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. இருமல் சிரப் வேண்டாம். பாட்டி சொன்னாலும் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலில் இறங்கித் தங்கிவிடும். கற்பூரத் தைலமும் சாம்பிராணிப் புகையும் கூடவே கூடாது.

மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது, மூச்சு இடையில் நிற்கிறது, முனகுகிறது, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தலை நிமிர்ந்திருக்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பால் புகட்ட வேண்டாம், இளைப்பில் புரையேறும்.