வண்டியை நிறுத்தினால் மட்டும் காசு மிஞ்சாது

மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் கிடைத்து வருகிறவர்கள் தொடக்கத்தில் காரிலோ பைக்கிலோதான் வருவார்கள். இரண்டு சம்பளம் எடுத்ததும் பெற்றோல் செலவு உறைக்கும். "இனி பஸ்தான் சேர், முடிவு பண்ணிட்டேன்" என்று ஒரு திங்கட்கிழமை வந்து சொல்வார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பண்ணுகிற கூத்தெல்லாம் எங்கள் செட் ஆட்கள் ஒரு காலத்தில் பண்ணி முடித்தது. ஒன்றுகூடப் புதிதில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டயருக்குக் காற்று அடிப்பது, ஏ.சி.யை நிறுத்துவது, ஏத்தத்தில் அக்சிலேட்டரை மிதிக்காமல் இருப்பது, இதெல்லாம் பெற்றோல் செட்டில் நிற்கிற பையனே சொல்லித் தருவான். இங்கே அது வேண்டாம். எப்படி ஓட்டுவது என்பதல்ல, ஓட்டாமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேச்சு.

காரை வீட்டில் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். மலையகத்தில் வண்டியைக் குறைக்கப் புறப்படுகிறவர்களில் பாதிப்பேர் வழுக்கி விழுகிற இடம் இது.

ஒரு தம்பி வந்தார். வீடு ஹட்டனில். பாடசாலை தலவாக்கலைக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தேயிலைக்கு நடுவே. காரை நிறுத்திவிட்டார். மாதக் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "சேர், எங்கே போகுதுன்னே தெரியல, முந்தி இருந்ததைவிடக் கையில குறைவா இருக்கு" என்றார். எனக்குத் தெரியும் எங்கே போகிறதென்று. தினமும் காலையில் சந்தியில் இறங்கி ஆட்டோ, பின்னேரம் போன் அடித்து வரவழைத்து ஆட்டோ. பஸ் டிக்கெட்டை மட்டும் செலவு என்று எண்ணியிருக்கிறார். ஆட்டோவுக்குக் கொடுத்தது ஏதோ வெற்றிலை பாக்குச் செலவு மாதிரி கணக்கிலேயே ஏறவில்லை.

ஒரு கடதாசியில் போட்டுக் காட்டினேன். மெயின் ரோட்டில் 16 கிலோமீற்றர், தோட்ட ரோட்டில் 4. போக வர 40. இந்த ஏத்த இறக்கத்தில் அவருடைய சின்ன கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது, பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வையுங்கள். நாளுக்கு 1,000 ரூபா. இப்போது பஸ்: போக வர 160. ஆட்டோ ஒரு பக்கம் 500, இரண்டு பக்கமும் 1,000. ஆக 1,160. மழையில் நனைந்து, பஸ்ஸில் தொங்கி, காரில் வந்ததைவிட 160 ரூபா கூடக் கொடுத்து வந்திருக்கிறார். பாடசாலை நாள் 20 என்றால் மாதம் 3,200. உங்கள் ஊரில் எண்கள் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இதில் ஆட்டோக்காரரைத் திட்டிப் பயனில்லை. டவுனுக்குள் ஓடினால் இறக்கின இடத்திலேயே அடுத்த ஹயர், அதாவது வாடகை ஓட்டம், கிடைக்கும். தோட்டத்துக்குள் போனால் வெறும் வண்டியைத்தான் திருப்பிக்கொண்டு வர வேண்டும். கல்லும் குழியுமான ரோட்டில் டயரும் ஷொக் அப்சோபரும் என்ன பாடு படும் என்று பார்த்திருப்பீர்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். தனியாக ஏறினால் அந்த வெறும் ஓட்டத்தின் விலையும் முழுசாக உங்கள் தலையில்.

ஆகவே நிறுத்த வேண்டியது ஆட்டோவை அல்ல, தனி ஹயரை.

அந்தச் சந்தியில் அதே நேரத்துக்கு அதே பாடசாலைக்கு இன்னும் இரண்டு டீச்சர்மார் இறங்குகிறார்கள். அவர்களும் ஆளுக்கொரு ஆட்டோ! மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினால் தம்பியின் பங்கு 333, பஸ்ஸோடு சேர்த்து 500க்கும் கீழே. கார்ச் செலவில் சரிபாதி. மாதம் 10,000 ரூபா கையில் நிற்கும். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள், "நீங்க எப்படி வர்றீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் கையில் காசில்லை என்று நினைத்துவிடுவார்களாம்.

அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆட்டோக்கள் காலை ஏழு மணியளவில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெறுமையாக மேலே திரும்பும். உங்கள் பாடசாலையும் 7.30க்குத்தான். அந்த ஆட்டோவோடு மாதக் கணக்குப் பேசுங்கள். அவருக்கு அது சும்மா கிடைக்கிற காசு, உங்களுக்கு அரைவிலை. பிள்ளைகளைக் கூட்டிவரப் பின்னேரமும் அதே வண்டி வெறுமையாகக் கீழே இறங்கும், நேரம் ஒத்து வந்தால் அதிலும் ஏறலாம். ஆட்டோ ஸ்டாண்டில் போய் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், அங்கே கிடைப்பது டவுன் விலை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் போய், "காலையில யாரு பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறது?" என்று கேளுங்கள். மாதக் காசை மட்டும் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை இழுத்தடித்தால் அடுத்த மழை நாளில் அவருடைய போன் வேலை செய்யாது.

இறக்கத்துக்கு நடை, ஏத்தத்துக்கு ஹயர் என்று வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ரோடு வளைந்து வளைந்து நாலு கிலோமீற்றர் போகிற இடத்தில் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை பாதித் தூரம்கூட இருக்காது. அட்டைக் கடிக்கு மட்டும் வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோலை மட்டும் செலவாக நினைப்பது

வண்டிச் செலவு இரண்டு வகை. ஓடினால் கரைகிற காசு ஒன்று: பெற்றோல், டயர், ஒயில், இந்த இறக்கங்களில் சீக்கிரமே தேய்ந்துபோகிற பிரேக். ஓடாவிட்டாலும் கரைகிற காசு இன்னொன்று: லீசிங் தவணை, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரம், அதற்கு முன் புகைப் பரிசோதனை. ஓட்டத்தைக் குறைத்தால் முதல் வகைதான் குறையும்.

லீசிங் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டதும் தலைகீழாக யோசிப்பார்கள். "எப்படியும் மாசம் கட்டுறேன், சும்மா ஏன் நிக்கணும், ஓட்டிருவோம்" என்பார்கள். கட்டிய தவணை கட்டியதுதான், ஓட்டினால் அது திரும்பி வராது. அதன்மேல் பெற்றோலும் சேரும், அவ்வளவே.

வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் ஒன்றை விற்பதில்தான் உண்மையான மிச்சம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டியெல்லாம் நகை மாதிரி விலை ஏறியது. அந்த நினைப்பில் இன்னும் ஓடாத வண்டியைத் தகரக் கூரைக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியிலிருந்து தனியாரும் மீண்டும் வண்டி இறக்குகிறார்கள். வைத்திருந்தால் விலை ஏறும் என்று காத்திருப்பதில் இனிப் பெரிய அர்த்தம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

கம்பனி சொன்ன மைலேஜை நம்புவது

தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868இல். அவ்வளவு உயரத்துக்கு இரண்டாம் கியரில் தூக்கிக்கொண்டு போகிற வண்டிக்கு, விளம்பரக் கடதாசியில் இருக்கும் எண் பொருந்தாது. டாங்கை நிரப்பி, ஓடி, திரும்ப நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை இரண்டாவது முறை போட்ட லீற்றரால் வகுத்துப் பாருங்கள். உங்கள் கணக்குக்கு அந்த எண்ணை எடுங்கள்.

ஒரு சாமானுக்கு ஒரு பயணம்

கொத்தமல்லித் தழைக்கு பைக்கை எடுக்கிற ஆட்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள்.

2022ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆனது. பிறகு கியூஆர் அட்டையில் பெற்றோல் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். அந்த நாட்களில் யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் பயணங்களை ஒன்றாகக் கட்டினார்கள். பேங்க், கிளினிக், சதொச என்கிற அரசாங்கக் கடை, பிள்ளையின் கொப்பி, அம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரிசியும் அதே வண்டியில் வந்தது. பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

திரும்பக் கொண்டுவர ஒரு கொப்பித் தாள் போதும். கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தேவை வரும்போது அதில் எழுதுங்கள், உடனே சாவியைத் தேடாதீர்கள். நாலைந்து சேர்ந்ததும் போங்கள். எழுதி வைத்ததில் பாதி, போகிற நாளுக்குள் தேவையற்றதாகிவிடும் என்பது இதில் கிடைக்கிற இன்னொரு லாபம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் புத்தி வேண்டும். தோட்டச் சம்பளம் 10ஆம் தேதி. அதையடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால் பேங்க் மெஷினுக்கு ஒரு கியூ, கடைக்கு ஒரு கியூ, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் ஆட்டோதான். அவசரமில்லாத வேலையை வார நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டருக்காக மட்டும் வண்டி எடுக்கிறவர்களுக்கு: 12.5 கிலோ சிலிண்டரைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை. நாலு வீட்டுக்காரர் நாலு வெற்றுச் சிலிண்டரோடு ஒரு ஆட்டோவைப் பேசினால் ஆளுக்குக் கால்வாசிதான்.

கடைசி பஸ்ஸைக் குறி வைப்பது

கடைசிக்கு முந்தின பஸ்தான் உங்கள் பஸ். கடைசி பஸ் வராத நாளில் கொடுக்கிற ஹயர், அந்த வாரம் முழுக்க மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ரயிலை மட்டும் நம்புவது

மூன்றாம் வகுப்பு டிக்கெட்டைவிட மலிவாக இந்த மலையில் எதிலும் ஏற முடியாது, சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் பதுளை ரயில் பாதை முடங்கிவிடும். பஸ் நேரத்தையும் தெரிந்து வைத்திருங்கள். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் நானுஓயாவிலிருந்து டவுன் வரை போகிற காசையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு காலத்தில் அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது. 1940களில் மூடிவிட்டார்கள். இருந்திருந்தால் இந்தப் பந்தியே தேவைப்பட்டிருக்காது.

இறக்கத்தில் நியூட்ரல்

கூடவே கூடாது. பெற்றோல் மிஞ்சாது, பிரேக் சூடேறி ஆள்தான் மிஞ்சமாட்டான்.

நிறுத்திய வண்டியை மறந்துவிடுவது

பஸ்ஸுக்கு மாறியவர்கள் கடைசியில் மாட்டுகிற இடம். எங்கள் குளிரும் ஈரமும் நிற்கிற வண்டிக்கு ஆகாது. சில வாரம் அப்படியே விட்டால் பற்றரி இறங்கிவிடும், பிரேக் ஒட்டிக்கொள்ளும், பொனட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி வயரைக் கடிக்கும். கராஜுக்குக் கொடுக்கிற காசில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷத்தில் நிறுத்துவதால் பற்றரி ஏறாது, இன்னும் இறங்கும். கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் இருக்கிற வேலைகளை அந்த ஓட்டத்தில் முடித்துக்கொள்ளலாம். பல நாள் நிற்கப் போகிற வண்டியைச் சமதரையில் விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள்.

சாவு வீட்டுக்குப் போவதில் கணக்குப் பார்ப்பது

அங்கே வேண்டாம். உறவுக்காரர் சேர்ந்து வேன் பேசினால் பங்கைக் கொடுத்துவிட்டு ஏறுங்கள், பேசாவிட்டால் உங்கள் வண்டியை எடுங்கள். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தாலும் பிரசவ வலி வந்தாலும் வரிசையில் இருக்கிறவர்கள் முதலில் தட்டுவது வண்டி வைத்திருக்கிறவர் கதவைத்தான். ஓட்டாத வண்டிக்கு எதற்குப் பெற்றோல் என்று டாங்கைக் காயவிடுகிறவர்களும் உண்டு. பெற்றோல் செட் ராத்திரியில் திறந்திருக்கும் என்று நிச்சயமில்லை, அது இருப்பதும் டவுனில். டாங்க் அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.