ஏழெட்டு இடத்தில் இருந்தால் உண்மையா? குளச்சல் போரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் புலியூர்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தவர். ஊர் விழா மலர் ஒன்றுக்காக எழுதும்போது அவரை 'டச்சு அட்மிரல்' என்று போட்டுவிட்டேன். இணையத்தில் ஏழெட்டு இடத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் அவர் அட்மிரலாக இருந்ததே இல்லை. திருவிதாங்கூரில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன்.

இடங்களை எண்ணியதுதான் என் தவறு. பிறகு வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பத்தி, எழுத்துப்பிழைகூட மாறவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதை எத்தனை தடவை படித்தாலும் சாட்சி ஒன்றுதான்.

அடுத்தது நம்மூர்ப் பெருமை. 'ஐரோப்பியரை வென்ற முதல் ஆசிய அரசு' என்று படித்ததும் நெஞ்சு நிமிர்கிறது, சந்தேகம் வருவதில்லை. இதே டச்சுக் கம்பெனியிடமிருந்து 1662-லேயே தைவானின் சீலாந்தியா கோட்டையைச் சீனத் தளபதி கோக்சிங்கா பிடித்துவிட்டார். 'டச்சு ஆதிக்கம் அன்றோடு முடிந்தது' என்பதும் அப்படித்தான். கொச்சி 1795 வரை அவர்கள் கையில் இருந்தது. குளச்சல் வெற்றி பெரியதுதான், அதற்கு இந்த ஜிகினா தேவையில்லை.

தேதி இரண்டு விதமாக இருந்தால் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். போர் நடந்த நாள் ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் கிடைக்கிறது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், அதனால் அவர்கள் எழுதிய தேதி இன்றைய நாட்காட்டிக்குப் பின்தங்கி வரும். அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். அப்படிப் பார்த்தாலும் ஜூலை 31 என்பது ஆகஸ்ட் 11 ஆகிறது, இங்கே ஒரு நாள் உதைக்கிறது! உள்ளூர் ஆவணம் என்றால் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு 916 என்று இருக்கும்.

மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து, துப்பாக்கிப் படைபோல நின்று பயமுறுத்திய கதையை நம் கடற்கரையில் சொல்வார்கள். எழுதுங்கள், ஆனால் செவிவழிக் கதை என்றே எழுதுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் சரணடைதல் ஓவியமும் பிற்காலத்தது.

மூலம் எட்டாத தூரத்தில் இல்லை. மலபார் டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனியின் கடிதங்களை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்திலேயே வைத்திருக்கிறது. டிலனாய் கல்லறையின் எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது, நேரில் போய்ப் படிக்கலாம்.

அடுத்த ஆண்டு மலரில் திருத்தம் போட்டார்கள், கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே. பழைய பத்தி மட்டும் இப்போது என் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.