சால்டன் சீ போட்டோ ட்ரிப்: முதல் தடவ போற குரூப்புக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

கேமரா புதுசா வாங்குன நம்ம ஆளுங்க எல்லாரும் ஜோஷுவா ட்ரீ, டெத் வேலின்னு கலிஃபோர்னியா பாலைவனப் பார்க்குகளுக்கே கெளம்புறாங்க. என்னைக் கேட்டா சால்டன் சீ போங்கம்பேன். லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கார்ல மூணு மணி நேரம். கலிஃபோர்னியாலயே பெரிய ஏரி, கடல் மட்டத்துக்கு 200 அடிக்கும் கீழ நடு பாலைவனத்துல கெடக்கு. 1905-ல கொலராடோ ஆத்துப் பாசன வாய்க்கால் ஒடைஞ்சு, 1907-ல அடைக்கிற வரைக்கும் ஆறு இந்தப் பள்ளத்துக்குள்ள பாஞ்சதுல உருவான ஏரி இது. 1950, 60கள்ல ரிசார்ட், யாட் கிளப், போட் ரேஸ்னு ஒரே அமர்க்களமா இருந்துச்சு. அப்புறம் வயக்காட்டு வடிகால் தண்ணிதான் வரத்து, வெளிய போக வழி கெடையாது, உப்பு ஏறி ஏறி இப்ப பசிபிக் கடல விட ஜாஸ்தி, 70கள்ல வெள்ளம் வேற கரையோரத்த முழுங்குச்சு, மீன் கொத்துக்கொத்தா செத்துச்சு, வந்தவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. மிச்சம் கெடக்குறதத்தான் நம்ம படம் எடுக்கப் போறோம்.

ஸ்டெப் 1: மாசம் பாருங்க
நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான். கோடைல 45 டிகிரி தாண்டும், அழுகுன முட்ட நாத்தம் வேற சேந்துக்கும். வானிலைல மழைய விட காத்தப் பாருங்க. ஏரி வத்தி வெளிய தெரியுற அடிமண்ணு நைஸ் பவுடர் மாதிரி, அதுல உர, மருந்து மிச்சமெல்லாம் கலந்திருக்கு. பலமா காத்தடிக்கும்னு போட்டிருந்தா ட்ரிப்ப தள்ளி வைங்க, ஆஸ்துமா இருக்கறவங்க குரூப்ல இருந்தா கண்டிப்பா.

ஸ்டெப் 2: சூரியன் மறையுற நேரத்துல இருந்து பின்னாடி எண்ணுங்க
இந்த ட்ரிப்போட சூட்சுமமே இதான். நல்ல இடமான பாம்பே பீச்ங்குற சின்ன ஊர் ஏரியோட கிழக்குக் கரைல இருக்கு, அதனால சூரியன் தண்ணிக்கு அந்தப் பக்கம், மலைக்குப் பின்னாடி எறங்கும். டிசம்பர் நடுவுல நாலே முக்காலுக்குள்ள மறைஞ்சிரும், மலை இருக்கறதால வெயில் அதுக்கும் முன்னாடியே போயிரும். அப்ப ரெண்டரை, மூணு மணிக்கெல்லாம் பாம்பே பீச்ல நிக்கணும். அதுக்கு முன்னாடி சால்வேஷன் மவுண்டன்ங்குற பெயிண்ட் அடிச்ச குன்று, அதுக்கும் முன்னாடி பழைய யாட் கிளப் இருக்கற நார்த் ஷோர் (ரெண்டும் ஸ்டெப் 4-ல விவரமா), அப்போ வீட்ட விட்டு ஏழு, ஏழரைக்குள்ள கெளம்பணும். நம்ம குரூப்புக்கு ஆறு மணின்னு சொல்லி வைங்க, ஏழுக்காவது வருவாங்க.

ஸ்டெப் 3: காரும் கையில இருக்க வேண்டியதும்
குறைஞ்சது ரெண்டு கார். ஒன்னு மணல்ல மாட்டுனா இன்னொன்னு வேணும். வழில வர்ற இண்டியோ, கோச்செல்லா ஊர்ப்பக்கமே டேங்க நெரப்பிருங்க. மேப்ப ஆஃப்லைன்ல எறக்கி வைங்க, சிக்னல் வரும் போகும். ஆளுக்கு ரெண்டு மூணு லிட்டர் தண்ணி. சாப்பாட்டுக்கு புளிசாதம் கட்டிக்கிட்டா நிம்மதி, வழில பெருசா கடை இல்ல. முக்கியமா, விசால இருக்கறவங்க பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காக்குள்ள வந்ததுக்கான பதிவு) எடுத்துக்கோங்க, க்ரீன் கார்டுக்காரங்க கார்ட எடுத்துக்கோங்க. ஹைவே 111-ல நைலாண்ட்ங்குற ஊர்ல இருந்து வடக்க வர்றப்ப பார்டர் பேட்ரோல் (எல்லைக் காவல்) செக்போஸ்ட் இருக்கு. நிறுத்தி கேப்பாங்க, காமிச்சா அனுப்பிருவாங்க. அங்க கேமராவ நீட்டாதீங்க.

ஸ்டெப் 4: போற வரிசை
முதல்ல நார்த் ஷோர். ஆல்பர்ட் ஃப்ரேன்னு பெரிய ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ண பழைய யாட் கிளப் பில்டிங் இருக்கு, இப்ப சரி பண்ணி வெச்சிருக்காங்க. அங்க கால் மணி நேரம் போதும். அடுத்து நேரா தெக்க நைலாண்ட் தாண்டி சால்வேஷன் மவுண்டன். லெனார்ட் நைட்னு ஒரு மனுஷன் 1984-ல ஆரம்பிச்சு களிமண்ணு, வைக்கோல், பெயிண்ட வெச்சே ஒரு குன்ற உருவாக்குனாரு, 2014-ல எறந்துட்டாரு. மதிய வெயில்ல மத்த இடமெல்லாம் வெளுத்துப் போகும், இங்க பெயிண்ட் கலரே தூக்கிக் குடுக்கும். போட்டிருக்கிற பாதைல மட்டும் ஏறுங்க. அப்புறம் திரும்பி பாம்பே பீச்.

ஸ்டெப் 5: பாம்பே பீச்ல கேமரா
கரை வெள்ள மணல் மாதிரி தெரியும், கிட்டப் போனா எல்லாம் பார்னக்கிள்ங்குற சின்ன நீர்ப்பிராணியோட ஓடும் திலாப்பியா மீன் முள்ளும்தான். ஷூ கண்டிப்பா வேணும். தண்ணி ஓரத்துல மேல காஞ்ச மாதிரி இருக்கும், கால வெச்சா முழங்கால் வரைக்கும் எறங்கும், அதனால முன்னாடி போனவங்க கால்தடம் இருக்கற எடத்துலயே நடங்க.

வெள்ளக் கரைய கேமரா பாத்துட்டு 'ஐயோ ஓவர் வெளிச்சம்'னு நெனச்சு படத்த சாம்பலாக்கிரும், அதனால படத்தோட வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன ப்ளஸ் 0.7ல இருந்து 1 வரைக்கும் ஏத்துங்க. போன்னா திரைய தொட்டு வர்ற சூரியக் குறிய மேல இழுங்க. சூரியன் மறையுறப்ப தலைகீழ், மைனஸ் 1 வைங்க, இல்லன்னா வானத்துக் கலர் போயிரும். அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, ரா ஃபார்மட் (சுருக்காத ஒரிஜினல் ஃபைல்). துருப்புடிச்ச கம்பம், ஆர்ட் பீஸ் எல்லாம் கரைல நிக்கும், அதுங்கள நின்னுகிட்டு எடுக்காதீங்க, தரையோட தரையா உக்காந்து எடுத்தா முள்ளு முன்னாடி பெருசா வரும், பின்னாடி ஏரி தகடா விரியும். லென்ஸ் மாத்துறதா இருந்தா கார்க்குள்ள போய் கதவ சாத்திட்டு மாத்துங்க.

சூரியன் போனதும் பேக்க கட்டாதீங்க. அடுத்த அரை மணி நேரம்தான் ட்ரைபாட் வேலை. காத்து இல்லன்னா தண்ணி கண்ணாடி, 10 செகண்ட் ஷட்டர் போட்டுப் பாருங்க.

குரூப்பா போறப்ப எல்லாரும் ஒரே எடத்துல நின்னு ஒரே படம் எடுப்பாங்க. அதுக்கு நான் பண்ற ஏற்பாடு, ஆளுக்கு ஒரு வேலை: ஒருத்தருக்கு துருவும் உரிஞ்ச பெயிண்ட்டும் மட்டும், ஒருத்தருக்கு கோடுகள் மட்டும், ஒருத்தருக்கு பறவை, இன்னொருத்தருக்கு கூட வந்த நம்ம ஆளுங்க முழிக்கிற முழிதான்.

ஸ்டெப் 6: அது யாரோ வீடு
கைவிட்ட ஊர்னு எல்லாரும் எழுதுறாங்க, ஆனா பாம்பே பீச்ல இன்னும் 200 சொச்சம் பேர் குடியிருக்காங்க. ஒடைஞ்ச வீட்டுக்கும் ஓனர் உண்டு, உள்ள போகாதீங்க, ஆணியும் கண்ணாடியும் வேற கெடக்கும். ஆள எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க. ட்ரோன் எடுத்துட்டு வர்றவங்க தெக்க இருக்கற வனவிலங்கு சரணாலயத்துல பறக்க விடக் கூடாது, கிழக்க மலைப்பக்கம் ராணுவ குண்டுப் பயிற்சி ரேஞ்ச், அந்தப் பக்கமே வேணாம்.

ஸ்டெப் 7: திரும்புனதும்
ட்ரைபாட் கால நல்ல தண்ணில கழுவுங்க, உப்பு அரிச்சிரும். ஆளுக்கு அஞ்சு படம் மட்டும் ஷேர்ட் ஆல்பத்துல போடச் சொல்லுங்க, முந்நூறு படம் கொட்டுனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஷூவ வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, அந்த மீன் வாடை லேசுல போகாது.